உதட்டுச் சூடு

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. காட்டில் விடுவதற்கு ஆறு வாரம் இருக்கும்போது பெண் உங்காவுக்கு மயக்க மருந்து கொடுத்து ரத்தம் எடுத்தோம். உங்கா என்பது வாலில்லாத, கைகள் நீண்ட, தரைக்கு அநேகமாக இறங்காத குரங்கு. எங்கள் மையத்தில் விலங்குகளுக்குப் பெயர் வைப்பதில்லை. அவள் எண் பதினேழு.

2. மனிதர்களிடமிருந்து குரங்குகளுக்குப் போகக்கூடிய ஐந்து வைரஸ்களை அந்த ரத்தத்தில் தேடினேன். நான்கின் தடயம் இல்லை. ஐந்தாவதன் தடயம் இருந்தது.

3. அதே ரத்தத்தை மறுநாள் மீண்டும் சோதித்தேன். இருந்தது.

4. அன்றே அவள் கூண்டிலிருந்து ஆண் உங்காவைப் பிரித்தோம். இருவரையும் ஜோடியாக அனுப்புவதாக இருந்தது. அவன் ரத்தத்தை இரண்டு முறை பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

5. இரண்டு வாரம் கழித்து அவளிடம் புதிதாக எடுத்த ரத்தத்தை வேறோர் ஆய்வகத்துக்கும் அனுப்பினோம். அவர்களுடைய பதிலும் அதுவே.

6. அவளை விடுவதில்லை என்று முடிவானது.

7. அவளைக் குட்டியிலிருந்து வளர்த்த அக்கா டாக்டரின் அறைக்கு வந்து, தவறு தன்னுடையது என்றார்.

8. அக்காவைக் குரங்குப் பகுதியிலிருந்து தீவனம் வெட்டும் அறைக்கு மாற்றினார்கள்.

9. அதன் பிறகு ஒன்பது நாள் நான் ஒன்றும் செய்யவில்லை.

ஒன்பதாவதை எழுதத்தான் மற்ற எட்டையும் எழுதினேன்.

நான் மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் படித்தவள். ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று வருடம் மனித ரத்தம் பார்த்தேன். பிறகு ஆயர் ஈத்தாமுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கும் இந்த மீட்பு மையத்துக்கு வந்தேன். வீடுகளில் கூண்டில் அடைத்து வைத்திருந்தவை, சாலையில் அடிபட்டவை, தாயில்லாமல் கிடந்தவை எல்லாம் இங்கே வரும். தேறியவை காட்டுக்குப் போகும். போவதற்கு முன் கடைசிக் கதவு நான்தான். அந்த விலங்கு நம்மிடமிருந்து எந்த நோயையும் எடுத்துக்கொண்டு போகவில்லை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, "குரங்கு கடிச்சா நமக்கு என்ன வரும்?" என்று கேட்பார்கள். நாம் கடித்தால் குரங்குக்கு என்ன வரும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஐந்தாவது வைரஸ் உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதுதான். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது உள்ளே உண்டு. ஒருமுறை வந்தால் நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். உடம்பு சோரும்போது எழுந்து வரும், ஒரு வாரம் எரிச்சல் தரும், மறுபடி போய்ப் படுத்துக்கொள்ளும். நமக்கு அவ்வளவுதான். உங்காவுக்கு அப்படியில்லை. சிலவற்றுக்கு வாய்ப்புண்ணோடு நிற்கும். சிலவற்றுக்கு மூளை வீங்கி, சில நாளில் முடிந்துவிடும். எது எதற்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காட்டில் இருக்கும் உங்காக்கள் அதைச் சந்தித்ததே இல்லை. எண் பதினேழு பார்க்க ஆரோக்கியமாகவே இருந்தாள். ஆனால் அவளை அங்கே கொண்டுபோய் விட்டால், அவளோடு அதையும் விடுகிறோம். அதை அடியோடு தீர்க்கும் மருந்து இல்லை. உடம்பைவிட்டுப் போகவும் போகாது. ஆகவே அவள் ஆயுள் முழுக்கக் கூண்டுதான்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டர்வொர்த்தில் வீடு. தினமும் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு தீவுக்கு வருவார். மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம், தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பால் மூடிக்கொண்டு தூசியில்லாத அறையில் வேலை செய்தவர். அந்தப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா இங்கே வந்தார். கையுறை போடுவதும் கழற்றுவதும் அவரைப்போல யாரும் செய்து நான் பார்த்ததில்லை. முகக்கவசத்தின் வெளிப்பக்கத்தை விரலால் தொடவே மாட்டார்.

"அங்க சில்லு கெட்டுப் போயிரக்கூடாதுன்னு மூடினேன். இங்க கொரங்கு கெட்டுப் போயிரக்கூடாதுன்னு மூடறேன். என் மூஞ்ச யாருதான்லா பாத்தா இத்தன வருஷத்துல?" என்பார்.

எண் பதினேழு வந்தபோது நான் இங்கே இல்லை. ஒரு வீட்டில் பறவைக் கூண்டுக்குள் இருந்தாளாம். ஒரு சின்னப் பப்பாளியின் எடைகூட இல்லையாம், முதுகில் முடி இல்லையாம். அக்கா அவளைத் துண்டில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு மூன்று மாதம் நடந்தார் என்று சொல்வார்கள். இரண்டு வயதானதும் விதி மாறியது. தொடக்கூடாது, பேசக்கூடாது, சாப்பாடு தகரக் குழாய் வழியாகத்தான் போக வேண்டும். காட்டுக்குப் போக வேண்டியவள் மனிதனைக் கண்டால் விலகத் தெரிந்திருக்க வேண்டும். அதையும் அக்காதான் செய்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அவள் கம்பியில் வந்து தொங்கிக் கையை நீட்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு வருடத்தில் அவள் கையை நீட்டுவதை நிறுத்திவிட்டாள். நான் சேர்ந்தபோது அந்த வருடத்தின் கடைசி மாதங்கள். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. குறிப்பேட்டில் மட்டும் ஒருநாள், "இன்று கை நீட்டவில்லை. நல்லது" என்று எழுதியிருந்தார்.

முடிவு தெரிந்த மறுநாள் அக்கா டாக்டரின் அறைக்கு வந்தார். டாக்டர் ஈப்போக்காரர், எங்கள் மையத்தின் ஒரே கால்நடை மருத்துவர், சத்தம் போட்டுப் பேசாதவர். நான் தாள்களோடு அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். அக்கா உட்காரவில்லை.

"டாக்டர், அது என்னாலதான்."

"எது அக்கா?"

"குட்டியா இருந்தப்ப ரம்புத்தான் குடுத்தோம்ல. கொட்டையோட முழுங்கிருமோன்னு பயம். கத்தியில உரிச்சா சத கொட்டையோட ஒட்டிக்குது. அதனால நானே பல்லால உரிச்சு ஊட்டினேன். என் புள்ளைங்களுக்கும் அப்படித்தான் குடுத்தேன். எச்சி பட்டிருக்கும்."

"எத்தன தடவ?"

"சீசன் பூரா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு உதட்டுல புண்ணு வருமா?"

"புண்ணு இல்ல டாக்டர், சூடுதான். தூக்கம் இல்லன்னா வரும். பார்லி குடிச்சா போயிரும்."

"இப்பல்லாம் அப்படி வர்ற அன்னிக்கு போராங்ல எழுதுறீங்களா?"

"அதுல சீக்குதானே கேக்குது?" என்றார் அக்கா. அவர் எதிர்த்துப் பேசவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

போராங் என்று அவர்கள் சொன்னது, தினமும் காலையில் கூண்டுப் பகுதிக்குள் போகுமுன் எல்லோரும் நிரப்பும் படிவம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம் தயாரித்தது. அதற்கு முன் அப்படி ஒன்று இல்லை. மூன்று மொழிகளில், ஏழு கேள்விகள்: காய்ச்சல், இருமல், மூக்கில் நீர், தொண்டை வலி, வயிற்றுப்போக்கு, கண் சிவத்தல், தோலில் தடிப்பு. உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் உண்டு என்று குறித்தாலும் அன்று விலங்குகளிடம் போகக்கூடாது. அதைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது. எங்கள் வண்டி ஓட்டும் அண்ணன் என்னை லிஸ்ட்டு ராணி என்று கூப்பிடுவார். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

உதட்டுக் கொப்புளம் அதில் இல்லை. நான் மறந்து விட்டுப்போனது என்றால்கூடப் பரவாயில்லை. அது என் மனதில் வரவே இல்லை. கல்லூரித் தேர்வில் அந்த வைரஸின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறேன். மருத்துவமனையில் எத்தனையோ பேர் ரத்தத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் உதட்டில் கொப்புளம் வந்தால் அது சூடு. சீக்கு என்றால் கிளினிக், சூடு என்றால் அடுப்படி. அம்மா பார்லி காய்ச்சுவார், இளநீர் வாங்கி வருவார், டுரியான் பழம் தொடாதே என்பார். சூடு வந்தவள் பள்ளிக்கூடம் போவாள், வேலைக்குப் போவாள். யாரும் சூட்டுக்கு விடுப்பு எடுத்ததில்லை. படித்தது ஒரு அறையிலும் அம்மா சொன்னது இன்னொரு அறையிலும் இருந்தன. இரண்டுக்கும் நடுவில் கதவு இருக்கிறதா என்று நான் பார்த்ததே இல்லை.

அன்று அந்த அறையில் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். படிவம் என்னுடையது, கேள்வி இல்லாதது என் தவறு என்றாவது சொல்லியிருக்கலாம். தாள்களைச் சரியாக அடுக்கினேன். அக்கா வெளியே போனார். மறுநாள் அவரைத் தீவன அறைக்கு மாற்றிய கடிதம் வந்தது. தண்டனை இல்லை, முன்னெச்சரிக்கை என்று எழுதியிருந்தது.

இப்போது உறைபெட்டியைப் பற்றி.

எண் பதினேழு வந்த நாளிலும், பிறகு ஒவ்வொரு வருடமும், அவளிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து உறைய வைத்திருந்தோம். மொத்தம் ஐந்து குப்பிகள். அவற்றை அப்போதைக்கு அப்போது சோதிக்கவில்லை. சோதனைப் பொருட்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வந்தால் சீக்கிரம் காலாவதியாகும். ஆகவே காட்டுக்குப் போகும் நேரத்தில் மட்டும் சோதிப்பது எங்கள் வழக்கம். குப்பிகள் ஒருவேளைக்கு என்று இருந்தன. அந்த வேளை வந்துவிட்டது. ஐந்தையும் சோதித்தால், வைரஸ் எந்த வருடம் அவளுக்குள் போனது என்று தெரிந்துவிடும். ரம்புத்தானா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரே நாள் வேலை.

ஒன்பது நாள் நான் அதைச் செய்யவில்லை. எனக்கே நான் சொல்லிக்கொண்ட காரணங்கள்: இருக்கும் சோதனைப் பொருள் ஆண் உங்காவுக்குத் தேவைப்படலாம், கருவியைச் சரிபார்க்கும் வாரம் இது, மாத அறிக்கை முடியவில்லை, டாக்டர் கேட்கவில்லை. நான்காவது உண்மை. டாக்டருக்கு ரம்புத்தான் போதுமானதாக இருந்தது.

உண்மையான காரணம், அக்கா "சூடுதான்" என்று சொன்ன நிமிடத்திலேயே எனக்கு ஒரு வாரம் நினைவுக்கு வந்துவிட்டது.

அது ஒரு வருடத்துக்கும் சற்று முன்பு. எண் பதினேழின் நடுவிரல் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. டாக்டர் தைத்து, பதினொரு நாளைக்கு மாத்திரை எழுதினார். அவளைச் சிறிய சிகிச்சைக் கூண்டில் தனியாக வைத்தோம். அக்கா அப்போது விடுப்பில் இருந்தார், கணவருக்கு அறுவை சிகிச்சை. மருந்து கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. வாழைப்பழத்துக்குள் மாத்திரையை வைத்துக் குழாயில் போட்டேன். முகர்ந்து பார்த்துத் தூக்கி எறிந்தாள். இரண்டு நாள் இப்படியே. விரல் வீங்கத் தொடங்கியது. மருந்து உள்ளே போகாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்றார் டாக்டர். விரல் போனால் கிளை பிடிக்க முடியாது. கிளை பிடிக்க முடியாத உங்காவைக் காட்டில் விட முடியாது.

அக்காவுக்குப் போன் செய்தேன். மருத்துவமனை வராந்தாவில் நின்று பேசினார்.

"அது நம்பாத புள்ள தங்கச்சி. நீ மொதல்ல ஒரு கடி கடிச்சுக் காட்டு. நீ முழுங்கறத அது பாக்கணும். அப்பறம் மிச்சத்தக் குடு, வாங்கிக்கும்."

"மாஸ்க் கழட்டணுமேக்கா."

"ரெண்டு செகண்டுதானேம்மா. விரலா, மாஸ்க்கா?"

கவசத்தை இறக்கினேன். மாத்திரை இல்லாத நுனியைக் கடித்து, வாயைத் திறந்து காட்டி, மென்று விழுங்கினேன். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். மீதியைக் கம்பி வழியாக நீட்டினேன். வாங்கித் தின்றாள். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை மறைக்கப்போவதில்லை. வருடக்கணக்கில் யாரிடமும் எதுவும் வாங்காதவள் என்னிடம் வாங்கினாள். அப்படியே மீதி ஒன்பது நாள், தினம் இரண்டு வேளை.

அந்த வாரக் கடைசியில் நிபோங் திபாலில் சித்தப்பா மகள் கல்யாணம். இரண்டு இரவு தூக்கம் இல்லை; மருந்து வேளைக்கு மட்டும் மையத்துக்கு வந்து போனேன். கல்யாணக் காலையில் கீழுதட்டின் ஓரத்தில் சின்னச் சின்னதாக நான்கு கொப்புளம்.

"கண்ணு முழிச்சுக் கூத்தடிச்சா சூடு ஏறாம என்ன பண்ணும்? பார்லி காச்சி வெச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ" என்றார் அம்மா.

சித்தப்பா மகள் தன் உதட்டுச் சாயத்தை எடுத்து என் உதட்டில் பூசி மறைத்துவிட்டாள். திங்கள்கிழமை காலை வேலைக்கு வந்தேன். என் படிவத்தில் ஏழு கேள்விக்கும் இல்லை என்று குறித்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வாழைப்பழத்தைக் கடித்தேன்.

ஒன்பது நாள் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தபோது மையத்தில் பேச்சு வளர்ந்தது. யாருக்கும் அக்காவின்மேல் கோபம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வருடமாக அந்த ஜோடிக்காகக் காட்டில் மரம் பார்த்து, பழம் எண்ணிக் காத்திருந்தவர்கள் ஏமாந்துபோயிருந்தார்கள். அது கேலியாக வெளியே வந்தது. யாரோ தீவன அறைக் கதவில் "பல்லால் உரிக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டினார்கள். அக்கா அதைக் கிழிக்கவில்லை. அதற்குக் கீழேயே உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு வெட்டினார்.

பத்தாம் நாள் காலை வண்டி ஓட்டும் அண்ணன் தீவனத் தட்டுகளை எடுக்க வந்தார். நானும் அங்கே நின்றிருந்தேன்.

"அக்கா, இன்னிக்கு மெனு என்னா? கொரங்குக்குப் பார்லியா?"

"ஆமாண்ணே. ஒங்களுக்கு ஒரு கிளாஸ் ஊத்தவா? ஒங்க வாய்க்குத்தான் மொதல்ல வேணும்" என்றார் அக்கா. அண்ணன் சிரித்தார். அக்காவும் சிரித்தார். அண்ணன் தட்டுகளோடு போனதும் அக்கா கத்தியை வைத்துவிட்டு, மேலே கூண்டுகள் இருக்கும் திசையில் காதைச் சாய்த்து நின்றார். எண் பதினேழு கூவிக்கொண்டிருந்தாள். உங்காக்கள் காலையில் ஜோடியாகக் கூவும். பெண் தொடங்கும், ஆண் சேர்ந்துகொள்ளும். இப்போது அவள் மட்டும் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தாள்.

நான் ஆய்வகத்துக்குப் போய் உறைபெட்டியைத் திறந்தேன்.

முதல் குப்பி, இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது, இல்லை. நான்காவது, இல்லை. ஐந்தாவது, உண்டு. நான்காவது குப்பி எடுத்தது விரல் கிழிவதற்கு ஐந்து மாதம் முன்பு. ஐந்தாவது எடுத்தது விரல் குணமாகி ஆறு மாதம் கழித்து.

சிகிச்சைக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து, நேர்வரிசையில்: "மருந்து உட்கொண்டது. முறை: வாழைப்பழம், கடித்துக் காட்டிய பின்." ஒன்பது நாள், பதினெட்டு முறை, ஒன்றுகூட விடாமல் எழுதியிருந்தேன். அந்த ஒரு வருடத்தில் அவளுக்கு அருகே கவசம் இல்லாமல் போனதாக வேறு யாரைப் பற்றியும் பதிவு இல்லை. அக்கா முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார்.

பிறகு என் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தேன். உண்டு. அதற்குப் பொருள் ஒன்றுமில்லை, யாரைச் சோதித்தாலும் அநேகமாக அப்படித்தான் வரும். இருந்தாலும் எழுதி வைத்தேன்.

எல்லாத் தாளையும் டாக்டரின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இத வச்சு நீங்கதான்னு நிரூபிக்க முடியாது" என்றார்.

"அக்கான்னும் நிரூபிக்கல டாக்டர். ஆனா அவங்கள மாத்திட்டோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் குப்பிங்க இருக்கறது எனக்கும் தெரியும். நானும் கேக்கல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நீங்க ஏன் முன்னாடியே பாக்கல?"

"பாக்க வேணாம்னு இருந்தேன்."

அவர் அதை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதியிருக்கலாம் என்று நினைத்தேன்.

அக்காவிடம் சொல்ல அன்று மதியமே போனேன். பயற்றங்காய் வெட்டிக்கொண்டிருந்தார். கதவை மூடிவிட்டு, வரிசையாகச் சொன்னேன். குப்பிகள், விரல், கல்யாணம், வாழைப்பழம். எனக்கு வேறு விதமாகச் சொல்ல வரவில்லை. அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்ப ரம்புத்தான் இல்லயா?"

"இல்லக்கா. மொத நாலு குப்பியும் சுத்தமா இருந்திருக்கு."

கத்தி நின்றது. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை முழுக்கப் பயற்றங்காய்ச் சாறு.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"இன்னிக்குத்தான் டெஸ்ட் பண்ணேன்."

"நான் டெஸ்டக் கேக்கல."

"நீங்க டாக்டர் ரூம்ல சொன்னப்பவே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்துக்கும் மேலாகக் கவசத்துக்குமேல் கண்ணை மட்டும் பார்த்துப் பழகிய முகம். முழுதாகப் பார்க்க எனக்கு அது யாரோ ஒருவர் முகம்போல இருந்தது.

"பத்து நாளு" என்றார். "வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், என் கையால வளத்தத என் வாயாலயே கெடுத்துட்டேன்னு. ஃபெரியில வண்டிமேல உக்காந்து அழுதேன். பக்கத்துல நின்ன மலாய்க்காரம்மா டிஸ்யூ எடுத்துக் குடுத்தா. நீ இங்கதான் இருந்த. தினம் வந்து காலையில வணக்கம்கா சொன்ன."

"ஆமாக்கா."

"கடிச்சுக் காட்டுன்னு நான்தான் சொன்னேன்."

"உங்களுக்கு என் உதடு தெரியாது."

"தெரிஞ்சாலும் சொல்லியிருப்பேன். சூடுன்னுதானே நெனச்சிருப்பேன்." பயற்றங்காயை மறுபடி அடுக்கினார். என்னைத் தேற்றுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதுபோலச் சொன்னார். "போ தங்கச்சி. வேலையப் பாரு."

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் கொண்டுபோயிருந்தேன். அதைச் சொல்ல இடம் இருக்கவில்லை.

அடுத்த வாரம் ஆண் உங்காவைப் பேராக் பக்கம் இன்னொரு மையத்துக்கு அனுப்பினோம். அங்கே அவனுக்குப் பொருத்தமான பெண் ஒன்று இருந்தது. அண்ணன் வேனில் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனார். சிம்பாங் அம்பாட் வரைக்கும் அவன் கூவிக்கொண்டே வந்தான், பிறகு நிறுத்திவிட்டான் என்று திரும்பி வந்து சொன்னார். அன்று அவர் என்னை லிஸ்ட்டு ராணி என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை.

அக்காவைத் திரும்பக் குரங்குப் பகுதிக்கு வரச் சொன்னார் டாக்டர். கூடவே, எண் பதினேழு இனிக் காட்டுக்குப் போகப் போவதில்லை, தொடக்கூடாது என்ற விதி அவளுக்கு இனி வேண்டியதில்லை என்றார். வர வேண்டியது வந்தாகிவிட்டது. இனி எங்களில் யாரும் அதை அவளுக்குப் புதிதாகக் கொடுத்துவிட முடியாது, மற்ற நோய்களுக்குப் படிவம் இருக்கிறது. தனியாக இருப்பவளுக்கு ஒரு துணையாவது இருக்கட்டும் என்றார்.

அக்கா போனார். நான் தூரத்தில், தடுப்புக்குப் பின்னால் நின்றேன். கைகளை முன்னால் வைத்துக்கொண்டு கம்பியருகே நின்றார். முகக்கவசம் இல்லை. குட்டியாக இருந்தபோது அவளைக் கூப்பிடும் ஒரு சத்தம் இருக்கிறதாம், நாக்கை மேலண்ணத்தில் தட்டும் சத்தம். அதைச் செய்தார். எண் பதினேழு கூண்டின் உச்சிக்கு ஏறி, மூலைக் கட்டையில் உட்கார்ந்து, முதுகைத் திருப்பிக்கொண்டாள். அக்கா அரை மணி நேரம் நின்றார். அவள் திரும்பவில்லை. மனிதர்களிடமிருந்து விலக வேண்டும் என்று வருடக்கணக்கில் நாங்கள் சொல்லிக் கொடுத்திருந்தோம். நன்றாகக் கற்றிருந்தாள்.

இன்றைய நிலை இது. படிவத்தில் எட்டாவது கேள்வி இருக்கிறது. உதட்டில் கொப்புளம், சூடு, இரண்டையும் எழுதியிருக்கிறேன். மீட்டு வரும் ஒவ்வொரு குரங்கின் ரத்தத்தையும் இப்போது வருடாவருடம் சோதிக்கிறோம். நான் அதே வேலையில் இருக்கிறேன். அக்காவும் இருக்கிறார், வேலைக்கு வேண்டியதை மட்டும் என்னிடம் பேசுவார். தினமும் வேலை முடிந்து ஃபெரிக்குப் போகுமுன் அரை மணி நேரம் கூண்டருகே நிற்கிறார். எண் பதினேழு இதுவரை கீழே இறங்கி வரவில்லை. அவளுக்கு ஆறு வயது நடக்கிறது. கூண்டில் இருக்கும் உங்கா முப்பது வருடத்துக்கு மேலும் வாழும்.